அவலோகிதர் ஊர்விட்டு ஊர் போன கதை

திபெத்தின் லாசா நகரில் குன்றின் உச்சியில் நிற்கும் பொட்டாலா அரண்மனையைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தள்ளி, சீனாவின் செஜியாங் கரைக்கு அப்பால் கடலில் புட்டுவோ ஷான் என்றொரு சிறு தீவு இருக்கிறது. சீன பௌத்தர்களின் நான்கு புனித மலைகளில் அதுவும் ஒன்று. அரண்மனைக்கும் தீவுக்கும் பெயர் ஒன்றுதான். 'போதலகம்' என்ற மலையின் பெயரை அந்தந்த ஊர் நாக்கு உருட்டியதில் வந்தவை இரண்டும். போதலகமோ திபெத்திலும் இல்லை, சீனாவிலும் இல்லை. அது நம் பக்கத்து மலை.

7ஆம் நூற்றாண்டில் காஞ்சிபுரம்வரை வந்த சீனத் துறவி யுவான் சுவாங் அதற்குத் தெற்கே இறங்கவில்லை. ஆனால் கேள்விப்பட்டதைக் குறித்து வைத்தார். மலய மலைக்குக் கிழக்கே போதலக மலை இருக்கிறது. ஏறும் வழி கரடுமுரடு. உச்சியில் தெளிந்த நீர் கொண்ட ஓர் ஏரி. அதிலிருந்து இறங்கும் ஆறு மலையைச் சுற்றிச் சுற்றி வந்து தென்கடலில் கலக்கிறது. ஏரிக்கரைக் கல்மாளிகைக்கு அவலோகிதேசுவரர், அதாவது பௌத்தர்கள் கருணைக்கு உரியவராக வணங்கும் அவலோகிதர், வந்து போகிறார். இதைப் படிக்கும் தமிழருக்கு வேறு எந்த மலை நினைவுக்கு வரும்? போதலகம் என்பது பொதியில்தான், அதாவது நம் பொதிகைதான் என்று ஆய்வாளர்கள் சிலர் வாதிட்டிருக்கிறார்கள். தமிழ்ப் பக்கத்திலும் ஒரு சாட்சி உண்டு. 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம், அகத்தியர் தமிழைக் கேட்டறிந்தது அவலோகிதரிடம் என்கிறது. சிவபெருமானிடம் கற்றார் என்று சைவர்கள் சொல்லும் அதே கதைதான், வாத்தியார் மட்டும் வேறு.

யுவான் சுவாங் கூடவே இன்னொன்றும் சொல்கிறார். மலையடிவாரத்து மக்கள் உருகி வேண்டினால் அவலோகிதர் சில சமயம் ஈசுவரனாகவும், சில சமயம் உடம்பெல்லாம் நீறு பூசிய பாசுபதத் துறவியாகவும் வந்து அவர்கள் கேட்டதை அருளுவாராம். பௌத்தர்களின் போதிசத்துவர், சிவனடியார் கோலத்தில்! ஊன்றிப் படித்த பௌத்தத் துறவியான யுவான் சுவாங்குக்கு இதில் எந்தச் சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

பௌத்தம் ஆசியாவெங்கும் பரவியபோது உள்ளூர் மரபுகளோடு கலந்தது, வளைந்து கொடுத்தது என்று பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிப் போய்விடும். அந்த வரியைப் படித்தால், பிக்குகள் எங்கோ உட்கார்ந்து திட்டம் போட்டு ஊருக்குத் தக்கபடி சரக்கை மாற்றிக் கொடுத்ததுபோல் தோன்றும். என் கணிப்பு வேறு. மாற்றியவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்க்காரர்கள்தான். மழை வரவில்லை, பிள்ளை இல்லை, மகள் கல்யாணத்துக்குச் சம்மதிக்கவில்லை, அரசனுக்கு ஆளும் உரிமை எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியவில்லை என்று தங்களிடம் தீராமல் கிடந்த சிக்கலைக் கொண்டுவந்து இந்தப் புதிய சாமியின் தலையில் கட்டினார்கள். பௌத்தம் கதவைத் தாழிடாமல் வைத்திருந்தது. அவ்வளவுதான். அவலோகிதர் என்ற ஒரே ஒருவரின் பின்னாலேயே நடந்து போனால் இது தெளிவாகும்.

முப்பத்து மூன்று வேடங்கள்

போதிசத்துவர் என்றால், புத்தநிலை எட்டும் தகுதி இருந்தும் மற்ற உயிர்களைக் கரையேற்றுவதற்காக உலகிலேயே இருப்பவர் என்பது பௌத்தத்தின் பெரும் பிரிவுகளில் ஒன்றான மகாயானத்தின் விளக்கம். அவர்களில் கருணைக்கு உரியவர் அவலோகிதர். அவர் புகழைத் திசையெங்கும் கொண்டுபோனது தாமரைச் சூத்திரம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் சத்தர்ம புண்டரீக சூத்திரத்தின் ஓர் அத்தியாயம். குமாரஜீவர் 406இல் அந்தச் சூத்திரத்தைச் சீனத்தில் பெயர்த்தார். அவலோகித அத்தியாயத்தை மட்டும் தனி நூலாகப் பிரித்து ஓதும் வழக்கம் இன்றும் இருக்கிறது.

அதில் கடினமான தத்துவம் எதுவும் கிடையாது. தீயில் அகப்பட்டால், கப்பல் புயலில் மாட்டினால், கள்வர் வழிமறித்தால், கையில் விலங்கு பூட்டினால் அவர் பெயரைச் சொல், விடுதலை கிடைக்கும். ஆண் குழந்தை வேண்டுமா, பெண் குழந்தை வேண்டுமா, அதுவும் கிடைக்கும். அப்புறம்தான் முக்கியமான பகுதி வருகிறது. யாரை எந்த உருவில் வந்தால் கரையேற்ற முடியுமோ அந்த உருவில் அவர் வருவார்: புத்தராக, பிரமனாக, இந்திரனாக, ஈசுவரனாக, சிற்றரசனாக, இல்லறத்தானாக, அதிகாரியாக, பிராமணனாக, பிக்குணியாக, குடும்பப் பெண்ணாக, சிறுவனாக, சிறுமியாக, நாகமாக. குமாரஜீவர் மொழிபெயர்ப்பில் எண்ணினால் 33 உருவங்கள் வருகின்றன.

எழுத்திலேயே இப்படி ஓர் அனுமதி இருந்தால் அப்புறம் என்ன? எந்த நாட்டிலும் எவரும் தங்கள் சாமியைக் காட்டி, 'இதுவும் அவர்தான்' என்று சொல்லிவிடலாம். கூடாது என்று ஓலை அனுப்ப எல்லா நாட்டுக்கும் பொதுவான ஒரு தலைமைப் பீடமும் பௌத்தத்தில் இல்லை.

முதலில் அவரைப் பிடித்துக்கொண்டவர்கள் பயணிகளும் வணிகர்களும். மகாராஷ்டிரத்தின் கன்னேரி, அவுரங்காபாத் குகைகளில் நடுவே அவலோகிதர் நிற்க, இரு பக்கமும் யானை, சிங்கம், பாம்பு, தீ, கள்வர், கப்பல் என்று ஆபத்துகளை அடுக்கிச் செதுக்கியிருக்கிறார்கள். திருகோணமலைக்கு வடக்கே திரியாயில், பல்லவ கிரந்த எழுத்தில் பாறையில் வெட்டிய சமஸ்கிருதக் கல்வெட்டொன்று அவலோகிதரைப் போற்றுகிறது. அந்த இடத்துத் தூபியைக் கடலோடி வணிகர்களோடு சேர்த்துப் பேசுகிறது. கோவலனின் முன்னோர் ஒருவரைக் கடலிலிருந்து காப்பாற்றிய மணிமேகலா தெய்வத்துக்கும் இவருக்கும் ஒரே தொழில்தான்.

சீனத் துறவி பாகியானின் அனுபவம் இந்த இடத்தில் சொல்லத் தக்கது. இலங்கையில் இரண்டு ஆண்டு தங்கிவிட்டு, 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் ஊர் திரும்பக் கப்பலேறினார். கப்பலில் இருநூறுக்கு மேற்பட்டவர்கள். புயல் அடித்து, அடியில் ஓட்டை விழுந்து, வணிகர்கள் சரக்கைக் கடலில் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தான் சுமந்து வந்த சுவடிகளையும் சிலைகளையும் எங்கே தூக்கி எறிந்துவிடுவார்களோ என்ற பயத்தில் பாகியான் அவலோகிதரை நினைத்து வேண்டினார். தப்பித்தார். இடையில் கப்பல் மாறி ஏறினார், மறுபடியும் புயல். இந்தத் தடவை கப்பலில் இருந்த பிராமணர்கள், 'இந்தப் பிக்குவை ஏற்றியதால்தான் இத்தனை சோதனையும். ஏதாவது ஒரு தீவில் இறக்கிவிடுவோம்' என்று பேசிக்கொண்டார்கள். உடன் வந்த ஆதரவாளர் ஒருவர், 'அவரை இறக்குவதானால் என்னையும் இறக்குங்கள். இல்லாவிட்டால் சீன அரசரிடம் போய்ச் சொல்லிவிடுவேன்' என்று மிரட்டியதால் பாகியான் பிழைத்தார். எல்லா மதத்தாரும் ஒரே கப்பலில் போனார்கள் என்று நாம் அழகாகச் சொல்கிறோம். அந்தக் கப்பலுக்குள் நடந்தது இதுதான்.

சிவனிடம் வாங்கிய கடன்

இந்தியாவைவிட்டுக் கிளம்பும் முன்பே அவலோகிதர் சைவத்திடமிருந்து நிறைய வாங்கிக்கொண்டுவிட்டார். காரண்டவியூக சூத்திரத்தில் அவர் கண்களிலிருந்து சூரியனும் சந்திரனும், நெற்றியிலிருந்து மகேசுவரனும், தோள்களிலிருந்து பிரமனும், இதயத்திலிருந்து நாராயணனும், பற்களிலிருந்து சரசுவதியும் பிறக்கிறார்கள். நம் கடவுளர் எல்லோரையும் ஒரே அடியில் இவருக்குப் பிள்ளைகளாக்கிவிடுகிறது அந்த நூல். உலகம் அறிந்த 'ஓம் மணி பத்மே ஹூம்' என்ற ஆறெழுத்து மந்திரம் வருவதும் இதில்தான். ஐந்தெழுத்துக்கு ஆறெழுத்து!

பெயரிலும் இதன் தடம் இருக்கிறது. பழைய ஏட்டுத் துண்டுகளில் 'அவலோகித ஸ்வர' என்று இருந்திருக்கிறது. 'ஸ்வர' என்றால் ஒலி. அதனால்தான் பழைய சீன மொழிபெயர்ப்பு அவரைக் குவான்ஷியின், அதாவது உலகின் ஒலிகளைக் கவனிப்பவர் என்கிறது. பிறகு எங்கோ அது 'ஈஸ்வர' ஆகிவிட்டது. யுவான் சுவாங் இந்தியாவில் கேட்டது 'ஈஸ்வர' வடிவத்தைத்தான். ஆகவே பழைய மொழிபெயர்ப்பு பிழை என்று சொல்லி, புதிதாக ஒரு பெயரை அவர் தந்தார். சீன மக்கள் அந்தத் திருத்தத்தைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குவான்யின் என்றே இன்றுவரை கூப்பிடுகிறார்கள். அழைக்கும் குரல் காதில் விழும் சாமிதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது போலும்.

மகள் கொடுத்த கண்கள்

சீனாவில் பௌத்தத்துக்கு வந்த எதிர்ப்பு வெறும் தத்துவச் சண்டையாக நின்றுவிடவில்லை. அது குடும்பத்தைப் பற்றிய சண்டை. உடம்பும் மயிரும் தோலும் பெற்றோர் தந்தவை, அவற்றுக்குச் சேதம் வராமல் காப்பதே பிள்ளையின் கடமைக்குத் தொடக்கம் என்கிறது கன்பூசிய மரபின் பழைய நூலொன்று. பிக்கு தலையை மழிக்கிறார். கல்யாணம் செய்யாமல் வம்சத்தை அறுக்கிறார். முன்னோருக்குப் படையல் வைக்க ஆள் இல்லாமல் போகிறது. போதாததற்கு அரசனைக் கும்பிட மாட்டேன் என்கிறார். 404இல் ஹுயிவான் என்ற துறவி, பிக்குகள் ஏன் அரசரை வணங்கத் தேவையில்லை என்று ஒரு நூலே எழுதினார். இந்தப் புகைச்சல் சில சமயம் தீயாகவே பற்றிக்கொண்டது. 845இல் பேரரசர் வூசோங் 4,600 மடாலயங்களை மூடி, 2,60,500 பிக்கு பிக்குணிகளைத் துறவிலிருந்து இறக்கினார். பௌத்தம் எங்கு போனாலும் வரவேற்கப்பட்டது என்ற பேச்சை இந்த எண்களை வைத்துக்கொண்டுதான் எடைபோட வேண்டும்.

இந்தச் சிக்கலுக்குச் சீனர்கள் கண்ட விடைகளில் ஆழமானது ஒரு கதை. 1100இல் ஜியாங் ஷிச்சி என்ற அதிகாரி ஹெனானில் உள்ள சியாங்ஷான் மடாலயத்தின் தலைமைத் துறவியிடமிருந்து இதைப் பெற்று எழுதி, கல்லிலும் வெட்டவைத்தார். கதை இது: ஓர் அரசனுக்கு மூன்று மகள்கள். மூத்தவர்கள் இருவரும் சொன்னபடி கல்யாணம் செய்துகொள்கிறார்கள். மூன்றாமவள் மியாவ்ஷான் மாட்டேன் என்கிறாள். அப்பா கெஞ்சுகிறார், மிரட்டுகிறார், தோட்ட வேலையும் சமையல் வேலையும் தந்து வதைக்கிறார், கடைசியில் கொல்லவே உத்தரவு போடுகிறார். அவள் தப்பி மலைக்குப் போய்விடுகிறாள். ஆண்டுகள் கழித்து அரசனுக்குத் தீராத நோய். கோபமே இல்லாத ஒருவரின் கண்களும் கைகளும் மருந்தாகக் கிடைத்தால் பிழைப்பான் என்கிறார் ஒரு துறவி. மலையில் அப்படி ஒருவர் இருப்பதாக அறிந்து ஆள் அனுப்புகிறார்கள். கண்களும் கைகளும் வருகின்றன. அரசன் குணமாகி, நன்றி சொல்ல மலையேறிப் போனால், அங்கே கண்ணும் கையும் இல்லாமல் உட்கார்ந்திருப்பது தன் மகள். அடுத்த கணம் அவள் ஆயிரம் கை, ஆயிரம் கண் கொண்ட குவான்யினாகக் காட்சி தருகிறாள்.

ஒரு வழக்கைத் தீர்ப்பதற்கென்றே கட்டிய கதை இது. முடியை மழிப்பதே பெற்றோருக்குச் செய்யும் துரோகம் என்றவர்களுக்கு, கையையும் கண்ணையும் வெட்டிக் கொடுத்து பதில் சொல்கிறாள் ஒரு மகள். அதுவும் பெற்றோருக்காகவே. சொன்னபடி கேட்ட இரண்டு மகள்களால் முடியாததை, சொல் கேட்காதவள் செய்து முடிக்கிறாள். துறவு குடும்பத்துக்கு எதிரி என்ற வாதத்துக்கு அப்புறம் நிற்க இடமில்லை. இந்தியாவில் இப்படி ஒரு கதைக்குத் தேவையே எழவில்லை. இங்கே மகன் துறவு போனால் வீட்டில் அழுவார்கள், ஆனால் துறவு என்பதே அயல்நாட்டுப் பழக்கம் என்று யாரும் சொன்னதில்லை.

கதையோடு கூடவே அவலோகிதரின் பாலும் மாறிப்போயிற்று. துன்ஹுவாங் குகைகளில் கிடைத்த பழைய ஓவியங்களில் அவருக்கு மெல்லிய மீசை இருக்கிறது. சோங் அரசமரபுக் காலத்தில் (960 முதல் 1279 வரை) வெள்ளுடை அணிந்த பெண்ணாகப் பெருகுகிறார். கையில் பிள்ளையோடு, மீன் கூடையோடு என்று விதவிதமான பெண் உருவங்கள் வருகின்றன. இதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்கள் பல. எனக்கு எளிமையாகத் தோன்றுவது ஒன்று: பிள்ளை வரம் கேட்டு வந்தவர்கள் பெண்கள். முன்னோர் வழிபாடும் அரசின் சடங்குகளும் ஆண்கள் கையில் இருந்த நாட்டில், பிரசவ வேதனையைச் சொல்லி அழ ஓர் ஆண் சாமியைவிட அம்மா முகம்தான் வேண்டியிருந்திருக்கும். 33 வேடங்களில் பெண் வேடமும் உண்டு என்று சூத்திரமே சொல்லிவிட்டதால் தடையேதும் இல்லை.

இன்னொரு கூட்டத்துக்கும் இந்தக் கதை கைகொடுத்தது. 19ஆம் நூற்றாண்டில் தென்சீனாவின் குவாங்டோங்கில் பட்டுத் தொழில் நடந்த பகுதிகளில், சொந்தமாகச் சம்பாதிக்கத் தொடங்கிய பெண்கள் பலர் கல்யாணமே வேண்டாம் என்று சபதம் எடுத்து, சடங்காகத் தங்கள் கூந்தலைத் தாங்களே முடிந்துகொண்டார்கள். மியாவ்ஷான் அவர்களுக்கு முன்னோடி. பட்டுத் தொழில் சரிந்தபோது அவர்களில் பலர் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் வீட்டு வேலைக்குக் கப்பலேறினார்கள். கூடவே குவான்யினும் போனார்.

மழைக்கு ஒரு தேர்

காத்மாண்டு பள்ளத்தாக்கில் பாட்டன் என்ற ஊரில் கோடை முடிந்து மழை தொடங்கும் முன், 60 அடி உயரமுள்ள ஒரு தேர் புறப்படும். மரமும் பிரம்பும் வைத்து ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கட்டுகிறார்கள். உள்ளே சிவப்புச் சாயம் பூசிய ஒரு மரச்சிலை. அந்தப் பள்ளத்தாக்கின் நேவார் இனத்துப் பௌத்தர்களுக்கு அவர் கருணாமயர், அதாவது அவலோகிதர். இந்துக்களுக்கு அவர் ராதோ மச்சேந்திரநாத், நாத யோகிகளின் ஆதிகுரு. பூங்கமதி கிராமத்து மக்களுக்கோ வெறும் 'பூங்கத் தெய்வம்'. சிலை ஒன்றுதான், பூசாரிகள் பௌத்தர்கள், கேட்பது மழை.

மச்சேந்திரநாதரின் சீடர் கோரக்நாத் பள்ளத்தாக்குக்கு வந்தபோது உரிய மரியாதை கிடைக்காத கோபத்தில், மழை தரும் நாகங்களைப் பிடித்து அவற்றின்மேல் உட்கார்ந்து தவம் செய்தாராம். பன்னிரண்டு ஆண்டு பஞ்சம். குரு வந்தால் சீடன் எழுந்துதானே ஆக வேண்டும்? நரேந்திரதேவன் என்ற அரசன், பந்துதத்தர் என்ற பௌத்த ஆசாரியர், ஒரு விவசாயி மூவரும் அசாமின் காமரூபம்வரை போய் மச்சேந்திரநாதரை அழைத்து வந்தார்கள். கோரக்நாத் வணங்க எழுந்தார், நாகங்கள் விடுபட்டன, மழை கொட்டியது. அரசன், ஆசாரியன், விவசாயி என்ற அந்த மூவர் கூட்டணியைக் கவனியுங்கள். ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் சேர்ந்தால்தான் சாமி வருவார். ஊரே கூடி வடம்பிடிக்கும் திருவிழாவுக்கு இதைவிடப் பொருத்தமான தலபுராணம் கிடைக்காது.

நமக்கு இதில் ஒரு பழகிய முகம் உண்டு. மச்சேந்திரரையும் கோரக்நாத்தையும் தமிழ்ச் சித்தர் மரபு மச்சமுனி என்றும் கோரக்கர் என்றும் சொந்தம் கொண்டாடுகிறது. ஆனால் இங்கே அவர்கள் சித்தர்களாக நின்றுவிட்டார்கள். அங்கே குரு போதிசத்துவராகவே ஆகிவிட்டார். 2015 நிலநடுக்கத்தில் பூங்கமதிக் கோயில் இடிந்து விழுந்தது. தேர்த்திருவிழா நின்றுபோகவில்லை.

அரசர்களின் அவலோகிதர்

மழையும் பிள்ளையும் குடிமக்களின் தேவை. அரசர்களுக்கு வேறு தேவை இருந்தது. திபெத்தியர் தங்கள் குல முதல்வராக ஒரு குரங்கைச் சொல்வார்கள். அவலோகிதரின் அம்சமான அந்தக் குரங்கும் ஒரு பாறை அரக்கியும் கூடிப் பிறந்த பிள்ளைகள்தான் தாங்கள் என்பார்கள். 7ஆம் நூற்றாண்டில் திபெத்தை ஒரு பேரரசாக்கிய சோங்சென் காம்போவும் அவர் அவதாரம் ஆனார். இந்த வரிசையில் 5ஆவது தலாய் லாமா தம்மையும் சேர்த்துக்கொண்டார். 1642இல் மங்கோலியத் தலைவன் குஷ்ரி கானின் வாள்பலத்தில் ஆட்சிக்கு வந்தவர் அவர். மூன்றே ஆண்டில், சோங்சென் காம்போ கோட்டை கட்டியதாகச் சொல்லும் அதே செங்குன்றின்மேல் பொட்டாலாவைக் கட்டத் தொடங்கினார். போதலகத்தில் இருப்பவர் அவலோகிதர் என்றால், பொட்டாலாவில் இருப்பவர் யார்? கேள்வியே பதில். 1682இல் அவர் இறந்தபோது, கட்டட வேலை முடியட்டும் என்று அந்தச் செய்தியைச் சுமார் 15 ஆண்டு மறைத்து வைத்தார்கள். அவதாரத்தின் பெயரில் ஓர் அரசாங்கம் எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கம்போடியாவில் 1181இல் பட்டமேற்ற ஏழாம் ஜெயவர்மன் செய்தது இன்னும் நுட்பமானது. அவனுக்கு முன் கெமர் அரசர்கள் சிவலிங்கம் நிறுவி, அதற்குத் தங்கள் பெயரோடு 'ஈசுவரன்' சேர்த்துப் பெயரிடுவார்கள். நம்மூர் இராசராசேச்சரம் போல. ஜெயவர்மன் பௌத்தன். ஆனாலும் வழக்கத்தை விடவில்லை. 1191இல் பிரியா கான் கோயிலில் தன் தந்தையை லோகேசுவரர் உருவில், ஜெயவர்மேசுவரர் என்ற பெயரில் நிறுத்தினான். லோகேசுவரர் என்றால் அவலோகிதர்தான். லிங்கம் இருந்த இடத்தில் போதிசத்துவர், சடங்கு அதேதான். அவன் கட்டிய பாயோன் கோயிலின் கோபுரங்களில் புன்னகைக்கும் பெருமுகங்களும் அவருடையவை என்று பலர் கருதுகிறார்கள். அவனுக்குப் பின் காற்று திரும்பியது. அவன் கட்டிய கோயில்களிலேயே புத்தர் உருவங்களைச் செதுக்கி அகற்றினார்கள். சிலவற்றைத் தவம் செய்யும் முனிவராகவும் சிலவற்றை லிங்கமாகவும் மாற்றினார்கள். அந்த உளித்தடங்களை இன்றும் பார்க்கலாம்.

பக்கத்துக் கோயில்

ஜப்பானில் அவர் பெயர் கன்னோன். டோக்கியோவின் அசாகுசாவில் உள்ள சென்சோ ஜி கோயிலின் தலக்கதைப்படி, 628இல் சுமிதா ஆற்றில் வலை வீசிய அண்ணன் தம்பி இருவருக்கு மீன் கிடைக்காமல் ஒரு கன்னோன் சிலை கிடைத்தது. ஊர்த்தலைவர் அதன் மதிப்பை அறிந்து தன் வீட்டையே கோயிலாக்கினார். மூலச் சிலையை இன்றுவரை யாருக்கும் காட்டுவதில்லை. சரி, கண்டெடுத்த அந்த மூவர் என்ன ஆனார்கள்? அவர்களும் தெய்வமானார்கள். ஆனால் பௌத்தக் கோயிலுக்குள் அவர்களுக்கு இடமில்லை. பக்கத்திலேயே, ஜப்பானின் சொந்த மரபான ஷிண்டோவின் கோயில் ஒன்றைக் கட்டி அதில் வைத்தார்கள். ஆண்டுதோறும் மே மாதம் நடக்கும் சன்ஜா திருவிழா அந்த மூவருக்குத்தான். கன்னோனுக்கு ஒரு வாசல், அவரைக் கரை சேர்த்தவர்களுக்கு ஒரு வாசல். 1868இல் மெய்ஜி அரசு பௌத்தத்தையும் ஷிண்டோவையும் ஆணை போட்டுப் பிரித்தபோது இந்த இரண்டும் சட்டப்படி தனித்தனி நிறுவனங்களாயின. திருவிழாக் கூட்டத்துக்கு அந்த ஆணை தெரியாது.

கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டிருந்த இரண்டரை நூற்றாண்டுகளில், நாகசாகி வட்டாரத்தின் மறைமுகக் கிறிஸ்தவர்கள் பிள்ளையைக் கையில் ஏந்திய வெண்பீங்கான் குவான்யின் பொம்மையை வீட்டில் வைத்து, மரியன்னையை வேண்டினார்கள். பிள்ளை வரம் கேட்ட சீனப் பெண்களுக்காக உண்டான உருவம் அது. அவலோகிதர் பிற மதத்தவருக்குக் கொடுத்த இரவல் வேடம் என்று இதைச் சொல்லலாம். இன்னொரு சின்னச் செய்தி: 1934இல் ஜப்பானில் செய்த முதல் மாதிரிக் கேமரா ஒன்றுக்குக் 'குவானோன்' என்று பெயர் வைத்தார்கள். இன்று நாம் கேனான் என்கிறோமே, அதன் வேர் அங்கே இருக்கிறது. 'அவலோகித' என்ற சொல்லில் பார்ப்பது என்ற பொருள் இருப்பதால் கேமரா பொருத்தம்தான்.

பெயர் மறந்த ஊர்

இலங்கையில் நடந்தது இதற்கெல்லாம் நேர்மாறு. அங்கே மகாயானம் ஒரு காலத்தில் செழித்திருந்தது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு பிக்குகளின் சங்கத்தை, தேரவாதம் என்ற இன்னொரு பிரிவைச் சேர்ந்த மகாவிகாரை மடத்தின் மரபின்கீழ் ஒன்றாக்கினான். தேரவாதம் வென்றது, அவலோகிதரைப் பேசும் நூல்கள் போயின. ஆனால் மக்கள் வேண்டுவதை நிறுத்தவில்லை. போதிசத்துவர் என்ற பதவி போய், 'நாத தெய்யோ' என்ற காவல் தெய்வமாக அவர் கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டார். கண்டியில் தலதா மாளிகைக்கு எதிரே நிற்கும் நாத தேவாலயம் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கண்டியின் எசல பெரகரா திருவிழாவில் நாதர், விஷ்ணு, கதிர்காமத் தெய்வம், பத்தினி என்ற நால்வரின் ஊர்வலங்கள் வரும். பத்தினி நம் கண்ணகி, கதிர்காமத் தெய்வம் நம் முருகன். அவர்களோடு நாதரும் ஒரு கிராமத் தேவதைபோல் நடக்கிறார். பின்னால் இவரே வருங்கால புத்தரான மைத்திரேயர் என்று சொல்லிக்கொண்டார்கள். தேரவாதம் ஒப்புக்கொள்ளும் போதிசத்துவர் அவர்தானே. பழைய சாமிக்குப் புதிய அடையாளச் சீட்டு வாங்கிக் கொடுத்த கதைதான்.

தென்னிலங்கையின் வெலிகமவில் அந்தச் சீட்டுகூடக் கிடைக்கவில்லை. அங்கே பாறையில் வெட்டிய உயரமான ஓர் உருவம் நிற்கிறது, தலைக் கிரீடத்தில் சிறு சிறு புத்தர்கள். அவலோகிதர் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். ஊர்க்காரர்கள் அதைக் குஷ்டராஜகல, குட்டநோய் அரசனின் கல் என்கிறார்கள். தோல்நோய் வந்த ஓர் அயல்நாட்டு அரசன் இங்கே வந்து, தேங்காய் வைத்தியத்தில் குணமானானாம். யாருடைய உருவம் என்பது மறந்துபோனது. நோய் தீர்க்கும் இடம் என்பது மட்டும் மறக்கவில்லை.

வாட்டர்லூ தெரு

சிங்கப்பூரின் வாட்டர்லூ தெருவில் 1884இல் தோன்றிய குவான் இம் கோயிலும், 1870இல் தோன்றிய ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் அடுத்தடுத்து நிற்கின்றன. குவான் இம் என்பது குவான்யினின் தென்சீன உச்சரிப்பு. அங்கே கும்பிட்டுவிட்டு வரும் சீனர்கள், அப்படியே நாலு எட்டு நடந்து கிருஷ்ணன் கோயில் வாசலிலும் ஊதுபத்தி கொளுத்திக் கும்பிடுவார்கள். அவர்களுக்கென்று வாசலிலேயே ஊதுபத்திச் சட்டியும் வைத்திருக்கிறார்கள்.

சீனக் கோயில்களில் அன்றாடம் ஓதும் மகாகருணை தாரணி, குவான்யினுக்கு உரியது. 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து போய்ச் சீன எழுத்தில் ஒலிபெயர்க்கப்பட்ட சமஸ்கிருத மந்திரம் அது. பொருள் தெரிந்து ஓதுபவர் அரிது, ஒலிதான் முக்கியம். 'நா-மோ' என்று தொடங்கும் அதன் நடுவே 'நா-லோ-ஜின்-ச்சி' என்ற நான்கு அசைகள் திரும்பத் திரும்ப வரும். சீன நாக்கைத் தள்ளிவைத்துக் கேட்டால், அது நீலகண்டா.